வீட்டில் கட்டிய வால்வு கிட்டார் ஆம்ப்: மதுரைப் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்ச் கொயரில் வாசிக்கிற பையன்கள், திருவிழா மேடைக்குப் போகிற கிட்டாரிஸ்டுகள், மைக் செட் வேலை தெரிந்தவர்கள் என்று நம்ம பக்கத்திலும் வால்வு ஆம்ப் கிட் வாங்கிச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டி முடித்து சுவிட்ச் போட்டபிறகு வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது 1950களில் ஃபெண்டர் கம்பெனி விட்ட சாம்ப் 5எஃப்1 சர்க்யூட். மூன்று வால்வு: கிட்டார் சிக்னலை முதலில் பெருக்குகிற ஒரு 12ஏஎக்ஸ்7 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி), ஸ்பீக்கரை ஓட்டுகிற ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்குகிற ஒரு 5ஒய்3 ரெக்டிஃபையர், மொத்தம் 5 வாட் வாக்கில். முதல் முறை கட்டுகிறவர்களுக்கு விற்கிற கிட்டுகளில் நிறைய இதன் நகல்தான். உங்களுடையது வேறு சர்க்யூட் என்றால் எண்கள் மாறும், தேடும் முறை மாறாது.

உள்ளே கை வைத்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உள்ளே 350 வோல்ட் டிசி ஓடுகிறது, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது நிற்கும். வால்வு நன்றாக வேலை செய்கிற ஆம்பில் கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடும், ஆனால் நீங்கள் உள்ளே கை விடப்போவது வேலை செய்யாத ஆம்பில், அதில் வடிய வழியே இருக்காது. 100 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் இன்சுலேட் செய்த கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப் சேஸிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்), இன்னொன்று முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில், அரை நிமிடம். அப்புறம் மீட்டர் வைத்துப் பாருங்கள், 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணி தீப்பொறி பறக்கவிடுகிற பழக்கம் வேண்டாம், கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு முனையை சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒரே கையால் அளக்கவும். இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும், காலில் காய்ந்த செருப்பு இருக்கட்டும், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது மட்டும் செய்யவும். நள்ளிரவில் தனியாக மாடி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

கிட் அமெரிக்காவிலிருந்து வந்தது. டிரான்ஸ்பார்மரில் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம்ம கரண்ட்டுக்கு ஓடுமா?

நேரடியாகப் போட்டால் ஒரு நொடியில் போய்விடும். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆர்டர் போடும்போதே வெளிநாட்டு டிரான்ஸ்பார்மர், அதாவது பிரைமரியில் (கரண்ட் உள்ளே போகிற சுற்றில்) 220, 230 அல்லது 240 வோல்ட் டேப் (இணைப்பு முனை) உள்ளது வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். 230ஐ 110 ஆக இறக்குகிற ஸ்டெப்டவுன் பெட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அதில் இரண்டு சிக்கல். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், சித்திரை வெயிலில் மதுரையில் ஓடு போட்ட அறையில் அது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, கடையில் கிடைக்கும் பல ஸ்டெப்டவுன்களில் வெளியே வருவது இரண்டு பின் சாக்கெட், எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது.

இரண்டு மூன்று டேப் இருந்தால் 240ஐத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. காரணத்தை வோல்டேஜ் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வரைபடத்தில் கறுப்புக் கம்பி ஃபேஸ் என்று இருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் கறுப்பு நியூட்ரல் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி, அதுதான் ஆபத்து. அமெரிக்க வரைபடத்தில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். நம்ம வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். கடையில் வாங்குகிற மூன்று பின் பவர் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். ஆக நீலத்துக்கே இரண்டு அர்த்தம். நிறத்தை நம்பாமல், மீட்டரில் கன்டினியூட்டி வைத்து பிளக்கின் எந்தப் பின் எந்தக் கம்பிக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு ஈயத்தால் பற்ற வையுங்கள். ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்குப் போகவேண்டும், ஃபியூஸிலிருந்து சுவிட்ச், அப்புறம்தான் டிரான்ஸ்பார்மர். எர்த் கம்பி சேஸிஸில் தனி போல்ட்டில், ஸ்டார் வாஷர் போட்டு.

ஃபியூஸ் மதிப்பும் மாறும். 120 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இங்கே 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ போதும்.

கம்பியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது. ஆம்பில் குறையா?

கிட்டார் கம்பியைச் சொல்கிறீர்கள். ஆம்பைப் பிரிக்கும் முன் சுவர் பிளக்கைப் பாருங்கள். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளிலும் கிராமத்து வீடுகளிலும் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 காட்டினால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே காட்டவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. ஃபேஸ்-எர்த் அளவு 90, 140 என்று அலைந்தால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரே வழி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பிட்டிலிருந்து கம்பி இழுப்பது. பிட் ஏற்கனவே இருந்து, மண் வறண்டு போயிருந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வார், வைகையே வறண்டு கிடக்கிற மாதங்களில் அது தேவைப்படும். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே இணைத்துவிடுகிற குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால் ஆம்பின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும், கிட்டார் கம்பி உட்பட.

முதல் தடவை சுவிட்ச் போட பயமாக இருக்கிறது. எப்படிப் போடுவது?

பயம் நல்லது. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஒரு பலகையில் ஹோல்டரும் பிளக்கும் வைத்து சீரிஸ் லாம்ப் செய்திருப்பார்கள். அதேதான். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸில் சீரிஸாகப் போட்டு அதன் வழியே ஆம்புக்குக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும்.

முதலில் வால்வு எதுவும் இல்லாமல். பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் டிரான்ஸ்பார்மர் சரி. அப்படியே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தால் ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். மங்கியது என்றால் ஏசி அளவுகளைப் பாருங்கள்: ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 6.3, ரெக்டிஃபையர் 5, லோடு இல்லாததால் இரண்டும் கொஞ்சம் கூடத் தெரியும், அது சரி. ஹை வோல்டேஜ் சுற்று 325-0-325 என்றால் ஒரு முனையிலிருந்து சேஸிஸுக்கு மட்டும் அளக்கவும். இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால் 650 வோல்ட், பல சாதாரண மீட்டர்களின் எல்லை 600தான்.

அடுத்தது பலர் தெரியாமல் செய்வது. 5ஒய்3ஐ மட்டும் செருகிப் பார்ப்பார்கள். கரண்ட் இழுக்க வேறு வால்வு இல்லாததால் டிசி 450ஐத் தாண்டிப் போகும், ஃபில்டர் கெப்பாசிட்டரின் எல்லையே 450தான். மூன்று வால்வையும் சேர்த்தே செருகுங்கள், ஸ்பீக்கரையும் மாட்டுங்கள், பல்பு வழியாகவே போடுங்கள். பல்பு பளிச்சென்று ஏறி, இறங்கி, நடுத்தரமாக நின்றால் நல்ல சகுனம். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு நேராகப் போடலாம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது.

எப்போது போகிறது என்பதைக் கவனியுங்கள். வால்வே இல்லாமல் போட்டவுடன் போனால் பிரைமரி வயரிங் அல்லது டிரான்ஸ்பார்மர். மற்ற இரண்டு வால்வோடு தாங்கி, 5ஒய்3ஐயும் சேர்த்தவுடன் போனால் அந்த வால்வு ஷார்ட், அல்லது ஃபில்டர் கெப்பாசிட்டரைத் தலைகீழாகப் பற்ற வைத்திருக்கிறீர்கள் (நீளவாக்குக் கெப்பாசிட்டரில் உடம்பில் பள்ளமான வளையம் உள்ள முனைதான் பிளஸ்). பத்து இருபது நொடி ஓடி, வால்வு சூடேறிய பிறகு போனால் 6வி6 பக்கம் பாருங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும், அப்படிச் செய்தால் அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர், கிட்டிலேயே விலை கூடிய பாகம் அது.

வால்வெல்லாம் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. எங்கே தொடங்குவது?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி, இதற்குத்தான் பலர் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துக் காசை வீணாக்குகிறார்கள். எதையும் மாற்றாதீர்கள். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு வால்வின் ஒவ்வொரு பின்னிலும் எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாமல் யாரிடம் உதவி கேட்டாலும் அவர் ஊகம்தான் சொல்லமுடியும்.

பின்களை சாக்கெட்டின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து, கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணவேண்டும். சாம்ப் சர்க்யூட்டில் தோராயமாக இருக்கவேண்டியது இது. 6வி6இல் பின் 3, அதாவது பிளேட், 320லிருந்து 360. பின் 4, ஸ்கிரீன், 300 பக்கம். பின் 5, கிரிட், பூஜ்யம். பின் 8, கேத்தோடு, 17லிருந்து 20. 12ஏஎக்ஸ்7இல் பின் 1, பின் 6 இரண்டிலும் 140லிருந்து 190, பின் 3, பின் 8இல் ஒன்று ஒன்றரை வோல்ட்.

இப்போது எண்களே பேசும். எல்லா இடத்திலும் பூஜ்யம் என்றால் ரெக்டிஃபையரிலிருந்தே வரவில்லை. முதல் கெப்பாசிட்டரில் 400க்கு மேல் இருந்து 6வி6 கேத்தோடில் பூஜ்யம் என்றால் 6வி6 இழுக்கவே இல்லை, ஹீட்டர் பின் 2, 7ஐப் பாருங்கள். பின் 4இல் வோல்டேஜ் இருக்கிறது, பின் 3இல் இல்லை என்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி விட்டுப்போயிருக்கிறது, அந்த நிலையில் ஓடவிடாதீர்கள், ஸ்கிரீன் கருகும். 12ஏஎக்ஸ்7இன் பிளேட்டில் சப்ளை அளவே முழுசாக இருந்தால் அந்தப் பாதி வேலை செய்யவில்லை, கேத்தோடு ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகிறதா பாருங்கள்.

12ஏஎக்ஸ்7 மங்கலாக எரிந்தால் ஹீட்டரைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். 4ஐயும் 5ஐயும் இணைத்து ஒரு கம்பி, 9க்கு இன்னொரு கம்பி. 4க்கும் 5க்கும் நடுவே 6.3 கொடுத்தால் ஒவ்வொரு பாதிக்கும் அதில் பாதிதான் போகும்.

வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையா? இன்புட் ஜாக். கிட்டார் செருகினாலும் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியே நிற்கிறபடி சுவிட்ச் முனையில் மாற்றிப் பற்ற வைத்திருப்பார்கள்.

ரெசிஸ்டர் நிறம் பார்த்துத்தான் போட்டேன், இருந்தும் எண் ஒத்து வரவில்லை.

நீல உடம்பு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் ஐந்து வளையம் இருக்கும். 100 கே என்றால் முதல் நான்கும் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 10 கே என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு. நீலத்தின் மேல் சிவப்பும் ஆரஞ்சும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். போர்டில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பற்ற வைத்த பிறகு தேடுவதை ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

உறுமல். கிட்டார் மாட்டாமலே "ங்ங்ங்" என்று இருக்கிறது.

கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள், சுருதி சேர்த்து ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்த சுருதியில் இருந்தால் 100 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையருக்குப் பின்னால் ஃபில்டர் போதவில்லை அல்லது கிரவுண்ட் தப்பு. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் கம்பியிலிருந்து வருகிறது. அமெரிக்கக் குறிப்புகளில் 60, 120 என்று படித்திருப்பீர்கள், நம்ம கரண்ட்டுக்கு இதுதான் கணக்கு.

அப்புறம் 12ஏஎக்ஸ்7ஐப் பிடுங்குங்கள். உறுமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளை, 6வி6 பக்கம். நின்றுவிட்டால் முன்பக்கம், அதாவது 12ஏஎக்ஸ்7 பகுதி. முன்பக்கம் என்றால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள், குறைந்தால் முதல் பாதி, மாறாமல் இருந்தால் இரண்டாம் பாதி.

50 ஹெர்ட்ஸுக்கு: ஹீட்டர் கம்பி இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, சேஸிஸ் மூலையோடு ஒட்டி, கிரிட் கம்பியிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். ஹீட்டர் சுற்றுக்கு சென்டர் டேப் (நடு முனை) இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு 100 ஓம் போட்டு நடுவைக் கிரவுண்டில் கொடுங்கள். அதைவிட நல்லது, நடுவை 6வி6இன் கேத்தோடில் கொடுப்பது. அங்கே நிற்கிற பதினெட்டு, பத்தொன்பது வோல்ட் ஹீட்டரையே மேலே தூக்கிவிடும், உறுமல் நன்றாகக் குறையும். 100 ஹெர்ட்ஸுக்கு: முதல் கெப்பாசிட்டரின் மைனஸும் டிரான்ஸ்பார்மர் சென்டர் டேப்பும் ஒரே இடத்தில் சேரட்டும், முன்பக்கத்துக் கிரவுண்ட் இன்புட் ஜாக் அருகே தனியாக. முதல் கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட் ஆக்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள், 5ஒய்3க்கு 20 பக்கம்தான் தாங்கும். கூட்ட வேண்டுமென்றால் இரண்டாவது, மூன்றாவது கெப்பாசிட்டரில் கூட்டுங்கள்.

கிட்டார் மாட்டினால் மட்டும் "ஸ்ர்ர்ர்" என்று வந்தால் ஆம்பை விட்டுவிட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேன் இரண்டிலோ மூன்றிலோ ஓடும்போது சிங்கிள் காயில் பிக்கப் அதை அப்படியே பிடிக்கும். முழு வேகத்தில் வையுங்கள், அல்லது அணைத்துவிட்டு வியர்வையோடு வாசியுங்கள்.

போட்டவுடன் கீச்சென்று கத்துகிறது, வால்யூம் குறைத்தாலும் நிற்கவில்லை.

ஃபீட்பேக் தலைகீழ். ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து 22 கே வழியாக 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் கேத்தோடுக்கு ஒரு கம்பி போகிறதே, அதை ஒரு முனையில் கழற்றுங்கள். கத்தல் நின்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக் கம்பி இரண்டையும் இடம் மாற்றிவிட்டு 22 கேயைத் திரும்பப் போடுங்கள். முடிந்தது.

6வி6க்குள் தகடு சிவந்து தெரிகிறது. அழகாக இருக்கிறதே, சரிதானா?

சரியில்லை, அணையுங்கள். இழை ஆரஞ்சாக ஒளிர்வது சரி, கண்ணாடியில் நீலம் படிந்தாற்போலத் தெரிவதும் சரி. சாம்பல் தகடு சிவந்தால் வால்வு அளவுக்கு மீறி இழுக்கிறது. பின் 5இல் பாசிட்டிவ் வோல்டேஜ் இருந்தால் 12ஏஎக்ஸ்7க்கும் 6வி6க்கும் நடுவே உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகுகிறது, மாற்றுங்கள். பின் 5 பூஜ்யமாகவே இருந்தால் கேத்தோடு ரெசிஸ்டரையும் அதன் மேலுள்ள 25 மைக்ரோஃபாரட்டையும் பாருங்கள்.

கணக்கும் போட்டுவிடலாம். கேத்தோடில் 19 வோல்ட், ரெசிஸ்டர் 470 ஓம் என்றால் 40 மில்லிஆம்பியர். அதில் ஸ்கிரீனுக்கு இரண்டு மூன்று கழித்தால் பிளேட்டுக்கு 37 வாக்கில். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 320 வோல்ட் என்றால் பன்னிரண்டு வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. 6வி6இன் பழைய அளவுப்படி எல்லை 12 வாட், ஆக விளிம்பில்தான் ஓடுகிறது. அதிகம் என்றால் 470க்குப் பதில் 560 ஓம் போடுங்கள், சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கரகரவென்று வருகிறது, தட்டினால் நிற்கிறது.

டிரை சால்டர். டிவி மெக்கானிக்குகள் சொல்கிற அதே சொல், அதே நோய். காய்ந்த மூங்கில் குச்சியால், ஆம்ப் ஓடும்போது, ஒவ்வொரு இணைப்பாக மெதுவாகத் தட்டுங்கள், எங்கே தட்டும்போது கரகரக்கிறதோ அங்கே மறுபடி சூடாக்கிப் புது ஈயம் கொடுங்கள். பச்சைக் குச்சி வேண்டாம், ஈரம் கரண்ட் கடத்தும். சேஸிஸில் பற்ற வைக்கிற கிரவுண்டுகளுக்கு 25 வாட் அயர்ன் போதாது, சேஸிஸ் தகடு சூட்டை இழுத்துவிடும், ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும், ஒட்டியிருக்காது. வால்வைத் தட்டினால் மட்டும் மணி அடிப்பதுபோல் கேட்டால் வால்வே மைக்காகிவிட்டது, 12ஏஎக்ஸ்7ஐ மாற்றவும்.

மேலூர் பக்கம் வீடு. ராத்திரி வோல்டேஜ் ஏறுகிறது, பகலில் இறங்குகிறது. ஆம்ப் தாங்குமா?

பம்ப்செட்டுகள் ஓடும்போது 190க்கு இறங்குவதும் எல்லாம் நின்றபிறகு 250ஐத் தொடுவதும் நடக்கும். 220 டேப்பில் கட்டிய ஆம்புக்கு 250 கொடுத்தால் ஹீட்டரில் 7.2 வோல்ட் வரும். 6.3இல் பத்து சதம் கூடக்குறைய, அதாவது 5.7லிருந்து 6.9 வரைதான் ஏற்கத்தக்கது. 240 டேப் என்றால் அதே 250க்கு 6.6தான். அதனால்தான் 240 என்றேன். 190க்கு இறங்கும்போது 5 வோல்ட்தான் கிடைக்கும், சத்தம் சோர்ந்துவிடும், அந்த நேரத்தில் வாசிப்பதாக இருந்தால் ஸ்டெபிலைசர் வையுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்பார்மர் முனகும், ஸ்பீக்கரிலும் அந்த இரைச்சல் வரும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரை உள்ளூரிலேயே சுற்றிக்கொள்ளலாமா?

பவர் டிரான்ஸ்பார்மர் தாராளமாகச் சுற்றலாம், நம்ம ஊரில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஒன்றை வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒற்றை 6வி6 ஆம்பில் பிரைமரி வழியே எப்போதும் டிசி ஓடும். அதனால் ஈ தகடுகளை ஒரு பக்கமாகவும் ஐ தகடுகளை எதிர்ப்பக்கமாகவும் அடுக்கி, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து இடைவெளி விடவேண்டும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் மாற்றி மாற்றி அடுக்கிவிடுவார், கோர் (நடுத் தகடு அடுக்கு) காந்தத்தால் நிறைந்துபோய் அடிக்கம்பிகளின் சத்தமே மெலிந்து வரும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள், குறை அந்தக் காகிதத்தில் இருக்கும்.

வால்வு எங்கே கிடைக்கும்?

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், வயர் எல்லாம் டவுன்ஹால் ரோடு பக்கம் பார்க்கலாம், இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு. புது வால்வு ஆன்லைனில்தான். பழைய மைக் செட்காரர்களிடமும் கேளுங்கள், பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது, அந்தப் பெட்டிகள் இன்னும் சில பட்டறை அலமாரிகளில் தூங்குகின்றன. அச்சடித்த எண் உங்களுக்கு வேண்டியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். 12ஏஎக்ஸ்7ம் இசிசி83ம் ஒன்றே.

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று இருக்கிறது, மீட்டரில் 6.5 காட்டுகிறது.

சரிதான், மீட்டர் டிசி அளவைக் காட்டுகிறது. ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஆம்பை ஓட்டவேண்டாம்.

கோயில் திருவிழா மேடைக்குக் கொண்டுபோகிறேன், ஜெனரேட்டர் கரண்ட். ஏதாவது கவனிக்கணுமா அண்ணே?

ஆமாம், இதை மட்டும் தவறவிடாதீர்கள். உங்கள் ஆம்பின் எர்த் ஒரு இடத்திலும் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸர் எர்த் இன்னொரு இடத்திலும், அல்லது எங்குமே இல்லாமலும் இருக்கலாம். கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் பட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் உங்கள் வழியாகத்தான் போகும். பாடும் முன் மீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் இன்னொரு முனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் காட்டினால் சவுண்ட்காரரிடம் சொல்லி ஆம்பையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுக்கச் செய்து, மறுபடி அளந்துவிட்டு மைக் முன்னால் போங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு "இப்போ சத்தம் வரலை" என்று யாராவது சொன்னால் அந்தப் பிளக்கில் ஆம்பை மாட்டாதீர்கள்.